மக்கு உரமும் ஒரு காற்புள்ளியும்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. பிறந்தது ஃபிரிட்ஜ் கதவில். அக்கா மூன்று நாள் அலுவலக வேலையாக வெளியூர் கிளம்பும்போது ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனாள்:

மக்கு உரம் போடு. எலுமிச்சைக்கு மட்டும்.

அக்கா பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். நான் எழுதுபவன், அதாவது அவளுக்கு வேலை வைப்பவன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் என்னைக் கூப்பிடும் பெயர் ‘மக்கு’. ஆகவே நான் படித்தது இப்படி: மக்கு, உரம் போடு.

2

தொடக்க வரி, முதல் முயற்சி: ‘அந்தத் தோட்டத்தின் மீது மரணத்தின் நிழல்...’ (வேண்டாம். தோட்டமே பத்தடிதான், நிழல் விழ இடமில்லை.)

இரண்டாம் முயற்சி: ‘காளான் உரம் செய்வது எப்படி?’ (இதில் நான் வரவே மாட்டேன் என்பதால் கொஞ்ச தூரம் எழுதிப் பார்க்கிறேன்.) காளான் பண்ணையில் அறுவடை முடிந்து கழித்துப்போடும் வைக்கோலை வாங்கி வந்து உதிர்த்து, காய்ந்த இலைகளோடு குவித்து, ஈரம் காயாமல் வாரம் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். மூன்று மாதத்தில் கறுத்துப் பொலபொலவென்று ஆகி, மழை பெய்த மண்ணைப் போல மணக்கும். அதற்குப் பெயர்தான் மக்கு உரம். அதற்கு முன் அதில் சூடும் உப்பும் இருக்கும், தொட்டிச் செடி தாங்காது.

(இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும்.)

3

கொல்லையில் சாக்குப் போட்டு மூடி, அக்கா மூன்று மாதம் புரட்டிய குவியல் இருந்தது. வாசலில், அவள் கிளம்பிய காலையில் காளான் பண்ணையிலிருந்து வந்து இறங்கிய புது வைக்கோல் குவியலில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் படித்தபடி எந்த உரமானாலும் சரி; வாசல் பக்கம் என்பதால் அதிலிருந்தே இரண்டு கூடை அள்ளி எலுமிச்சைத் தொட்டியில் கொட்டினேன்.

அந்த எலுமிச்சை, அக்கா விதை போட்டு வளர்த்தது. ஏழு வருடம். மூன்று வாடகை வீடு மாறியபோதும் வண்டியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இந்த வருடம்தான் முதன்முதலாக மொட்டு விட்டது, பதினொன்று. காலையில் பல் தேய்க்கும் முன் எண்ணுவாள்.

மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. தரையில் பத்து மொட்டு.

இங்கே இந்தக் கதையின் நாயகன் மீது எனக்கே நம்பிக்கை போய்விட்டது. உதிர்ந்த மொட்டை ஒருவன் கோந்து வைத்து ஒட்டுவானா?*

* ஒட்டினான். நான்கு நின்றன.

4

முடிவுகள்:

(அ) பக்கத்து வீட்டு ஆட்டின் மேல் பழி. (ஆடு கோந்து வைத்திருக்காது.)

(ஆ) செடி துளிர்த்துத் தழைக்கிறது. (புளுகு.)

(இ) குற்றம் அக்காவுடையது. பிழை திருத்துபவளே ஒரு காற்புள்ளியை விட்டால் தம்பி என்ன செய்

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இருபது வருடத்தில் அக்கா ஒரு காற்புள்ளியைக்கூட விட்டதில்லை. அவள் போடவில்லை என்றால் அங்கே அது இல்லை. போட்டவன் நான். வெட்கமாக இருக்கிறது.

ஆகவே முடிவை வாசகரிடமே ஒப்படைக்கிறேன். வாசகரே, அக்கா வந்ததும்

5

வந்துவிட்டாள். காகிதத்தைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. நின்றபடியே முழுவதும் படித்துவிட்டுத் தொட்டியிடம் போனாள்.

“நிஜமாவே ஒட்டியிருக்கியாடா?”

“ஆமாக்கா.”

“ஏழு வருஷம்டா.”

(இங்கே அழகாக மூன்று வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கதைக்கு முடிவு எங்க?” என்றாள்.

“வாசகர்கிட்ட விட்டுட்டேன்.”

“வாசகரா வந்து தண்ணி ஊத்துவாரு? எழுந்திரு. மேல கொட்டினதையெல்லாம் வழிச்சு எடு. உப்பு கரைஞ்சு அடியில ஓடற வரைக்கும் ஊத்தணும். நாளைக்கும்தான்.”

ஆகவே வாசகரே, உங்களுக்குக் கொடுத்த முடிவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பதினோராவது மொட்டு கோந்தில்லாமல் காம்பிலேயே இருக்கிறது. பூக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்று காலை ஃபிரிட்ஜ் கதவில் புதுச் சீட்டு:

மக்கு, தண்ணீர் ஊற்று.

காற்புள்ளி மட்டும் சிவப்பு மையில், பட்டாணி அளவுக்கு.

ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.