வெட்டி எடுத்த மூக்கு

வெயில் நகர நகர, பூந்தொட்டியைத் தானே திருப்பும் ஓர் இயந்திரம். மேற்படிப்புக்காக வந்த இடத்தில் நானாகச் செய்தது. வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். கூடவே போனிடம் பேசியே டைப் செய்தேன்: "அம்மா, இது விளையாட்டு இல்ல, படிப்புதான். பயப்படாதீங்க."

எனக்குப் பிடித்த வீடியோக்களை எத்தனையோ முறை அனுப்பியிருக்கிறேன். ஆக்டோபஸ் பாட்டில் மூடியைத் திறப்பது, துருப்பிடித்த பூட்டைப் புதிதாக்குவது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதையாவது பார்ப்பார்களா என்று போனைக் கீழே வைக்காமல் காத்திருந்தேன்.

அக்கா கூப்பிட்டாள்.

"ஏன்டா, படிக்கப் போன இடத்துல தொட்டிக்கு டிரைவர் வேலை பாக்குறியா?"

"அம்மா பாத்தாங்களாக்கா?"

"பாத்தாங்க. இது வேணாமாம். போன மாசம் இதே மெஷின மொதல்ல எடுத்து அனுப்பினியே, அதையே போடச் சொல்றாங்க."

"அதுல தொட்டி பாதியிலயே நின்னுடுச்சேக்கா."

"தொட்டிய யாரு பாத்தா? கடைசியில போன நிறுத்த நீ குனிஞ்சு வருவல்ல, மூக்கு மட்டும் பெருசா? அங்கதான் நிறுத்தி வச்சுப் பாத்துக்கிட்டே இருக்காங்க. இந்தத் தடவை அத ஏன்டா வெட்டுன?"

வீடியோ அழகாக இருக்கட்டுமென்றுதான் வெட்டினேன்.

மறுநாள் மறுபடியும் எடுத்தேன். தொட்டி ஒழுங்காகத் திரும்பி நின்றது. போனை நிறுத்தக் குனிந்தவன், நிறுத்தாமல் அப்படியே இருந்தேன்.

"சாப்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிற அளவுக்கு நேரம் விட்டேன்.