கை நின்ற இடம்

சுவரில் விரிந்திருந்த நிலவின் படத்தில் ராஜ்மோகன் சிவப்புப் புள்ளிகளைச் சுட்டிக்காட்டியபோது, ப்ரியம்வதா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் போட்ட புள்ளிகள். புதுக் கணினி விளையாட்டைச் சோதித்தவர்கள் நாற்பது விநாடிக்கு மேல் எந்தப் பொத்தானையும் தொடாமல் விட்ட இடங்கள். எதிர் நாற்காலியில் மட்டுவார்குழலி உட்கார்ந்திருந்தாள். அந்த நிலவில் நடக்கும் கதையை எழுதியவள்.

“மொத பாகத்துல நடந்து நடந்து கால் வலிக்குதுன்னாங்க. ரெண்டாவதுல சுட்டு சுட்டுக் கை வலிக்குதுன்னாங்க. மூணாவதுலயாவது ஒண்ணும் வலிக்கக்கூடாதுன்னு பாத்தா, இங்க வந்து தூங்குறாங்க,” என்றார் நிறுவனத்தை நடத்தும் ராஜ்மோகன்.

எல்லோரும் சிரித்தார்கள். குழலியும் சிரித்தாள்.

மன்னார்புரத்தில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தச் சின்ன நிறுவனம் பிழைப்பதே ‘நெடுவிண்’ விளையாட்டுத் தொடரால்தான். விளையாடுபவர் ஒரு விண்கலத்தின் தலைவர். தெரியாத கோள்களில் சுற்றித் தேடலாம், சண்டை போடலாம், அங்கே வாழ்ந்தவர்களின் கதையை அறியலாம். மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்பதில்தான் ஐந்து வருடமாக யாருக்கும் உடன்பாடில்லை. இயற்பியல் படித்த ப்ரியம்வதாவை வேலைக்கு எடுத்ததே அதை எண்களில் சொல்லத்தான். சொன்னாள். அந்த நிலவில் உள்ள கைவிடப்பட்ட நிலையத்தில், விளையாடிப் பார்க்க வந்த பதினெட்டுப் பேரில் பதினான்கு பேரின் கை நின்றுவிட்டது. காரணம் என்ற கட்டத்தில் ‘சலிப்பு’.

அந்த நிலையத்தில் இருந்தவை ஆறு கடிதங்கள். கடைசிக் கலத்தில் இடம் கிடைக்காத ஒரு மெக்கானிக் தன் மகளுக்கு எழுதியவை. குழலி எட்டு மாதம் அடித்துத் திருத்தி எழுதினாள். இனி அங்கே கடிதம் கிடையாது, ஒரு சண்டை வரும் என்று முடிவானது. இந்த மாதத்தோடு குழலியின் ஒப்பந்தமும் முடிகிறது.

“கதை கம்மியாகுதுல்ல குழலி. தப்பா நெனைக்காதீங்க. அடுத்த பாகத்துக்குக் கண்டிப்பாக் கூப்புடுறேன்.”

“பரவாயில்ல சார்.”

மூடியைத் திருகுவதை ப்ரியம்வதா நிறுத்தினாள். சோதனை நடந்த அன்று அவளுக்கு இருந்தது ஒரே வேலை. ஒவ்வொருவர் பின்னாலும் நின்று, கை நின்றால் ஏன் என்று முகத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். முன்பின் தெரியாத பதினெட்டுப் பேருக்குப் பின்னால், மூச்சு படும் தூரத்தில் நிற்பதை நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. கணினியில் விழும் பதிவுகள் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். வெறுமையாகக் கிடந்த கட்டங்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்து நிரப்பினாள். மேலிருந்து கீழ்வரை ஒரே சொல். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்தக் கூட்டத்துக்கு முன்பே, செவ்வாய்க்கிழமை, சம்ரீன் வந்திருந்தாள். சோதனைக்கு வந்த கல்லூரி மாணவிகளில் ஒருத்தி, சான்றிதழ் வாங்க வந்தவள்.

“அக்கா, அந்த லெட்டர் வர்ற எடம் இருக்குல்ல? அப்படியே ஒக்காந்துட்டேன்க்கா. பட்டனை அமுக்குனா அவரு போயிருவாருன்னு இருந்துச்சு. பக்கத்து சீட்டுப் பையன் வேற கண்ணத் தொடைச்சுக்கிட்டான். பாவம், நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.”

ப்ரியம்வதா சான்றிதழைக் கொடுத்து, “தேங்க்ஸ்மா” என்றாள். அதன் பிறகு மூன்று முறை ராஜ்மோகனின் கதவுவரை போனாள். மூன்றாவது முறை அவரே கதவைத் திறந்து, “ஒங்க ரிப்போர்ட்டைப் பாத்து எல்லாரும் அசந்துட்டாங்க ப்ரியா” என்றார். அவருக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசியது.

கூட்டம் முடிந்த அன்று மாலையும் அவளும் குழலியும் வழக்கம்போல ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். குழலி திருவானைக்காவலில் இறங்குவாள், ப்ரியம்வதா ஸ்ரீரங்கத்தில்.

“என்னடி மூஞ்சிய இப்படி வச்சிருக்க? வேலை போனது எனக்கு,” என்றாள் குழலி. “நீ என்ன பண்ணுவ? நம்பர் என்ன சொல்லுச்சோ அதத்தான சொன்ன.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். காவிரிப் பாலம் வருவதற்குள் ப்ரியம்வதா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பக்கத்து அறை, ஞாயிற்றுக்கிழமை, ஒரே சொல், சம்ரீன். ஆய்வக நோட்டில் எழுதுவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக, மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே.

பஸ் பாலத்தில் ஏறி இறங்கியது. குழலி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

“எந்த லெட்டரு?”

“என்னது?”

“அந்தப் பொண்ணு எந்த லெட்டர்ல ஒக்காந்துட்டா? நாலாவதா, அஞ்சாவதா?”

ப்ரியம்வதா பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். “கேக்கல.”

குழலி மெல்லத் தலையாட்டினாள். “அதையாவது கேட்டிருக்கலாம்லடி.”

திருவானைக்காவல் வந்தது. வரேன் என்று சொல்லாமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

பஸ் கிளம்பியது. ப்ரியம்வதா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்தால் பேச வராது என்று தோன்றியது. ராஜ்மோகனை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று நினைத்த அதே நொடியில் எடுத்துவிட்டார்.

“சொல்லுங்க ப்ரியா.”

“சார், நான் அங்க இல்ல.”

“கேக்கல. பஸ்ல இருக்கீங்களா? சத்தமா சொல்லுங்க.”

“டெஸ்ட் நடந்தப்ப நான் அந்த ரூம்லயே இல்ல சார்! சலிப்புன்னு நானா எழுதுனேன். அவங்க படிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க!”

கண்டக்டர் கிழித்த டிக்கெட்டைக் கையில் வைத்தபடி நின்றார். முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் முழுதாகத் திரும்பி அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்த அம்மாளின் நெற்றியில் வேர்வை, வலது புருவத்தில் சின்னதாக ஒரு தழும்பு. ப்ரியம்வதா போனைக் காதிலிருந்து எடுக்காமல், இந்த முறை விலகிப் போகாமல், அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.