துரை வரும்வரை தரிசு

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணே போகக்கூடாது என்றார்கள். அப்பாவோடு போனேன். சென்னைப் பட்டணத்தில் தனியாக இருந்து பி.ஏ. படித்தவள் திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம் போக யாரைக் கேட்கவேண்டும்?

குருந்தப்பாளையத்தில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு வேலமரம், ஒரு சொறிநாய், 'கம்பெனி ஆபீஸ்' என்று எழுதிய கூரையில்லாத சுவர். போன யுத்தத்தின்போது ஒரு வெள்ளைக்காரன் வந்து, சாணைக்கு ஆகும் குருந்தக்கல்லை இங்கே தோண்டினான். யுத்தம் முடிந்ததும் போய்விட்டான். ஊர் இன்னும் அவன் போன திக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. வழி கேட்டால்கூட, "தொரை இருந்தப்போ" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

மாப்பிள்ளை சண்முகவேலின் குடும்பம்தான் துரைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டது. அவன் தாய் சின்னாயி எங்களுக்கு முதலில் காட்டியது துரை உட்கார்ந்த நாற்காலி. அதற்கு விபூதி பூசியிருந்தது. அப்பா கும்பிடக் கை தூக்கினார். நான் முறைத்ததும் தலையைச் சொறிந்துகொண்டார்.

இலை போட்டார்கள். எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பேச வந்த வீட்டில் கை நனைத்தால் பேச்சு முடிந்தது. அப்பா ஒரு வாய் சாப்பிட்டால் எனக்கு இந்த ஊரில் வாழ்க்கை. அவருக்கோ நல்ல பசி.

சோறு போட்டுக்கொண்டே சின்னாயி விஷயத்துக்கு வந்தாள். "இப்ப நடக்கற இந்தச் சண்டைக்கும் கல்லு வேணுமில்லீங்க? இங்கிலீசுல நாலு வரி எழுதிப் போட்டா தொரை வந்துருவாருங்க. அதுக்குத்தான் படிச்ச புள்ளையாத் தேடுனோம்."

மருமகள் அல்ல, சம்பளமில்லாத குமாஸ்தா. அப்பா அதற்கும் சிரித்தபடி இலையில் கை வைக்கப் போனார்.

வாசலுக்கு எதிரே தெரிந்த புன்செய்க் காடு யாருடையது என்று சண்முகவேலிடம் கேட்டேன். அவர்களுடையதுதானாம். துரை தோண்டிய குழி ஒரு மூலையில் கிடந்தது. மற்றதெல்லாம் நல்ல செம்மண், அதில் இடுப்பளவு எருக்கஞ்செடி. ஏன் உழவில்லை என்றேன். அவன் தாயைப் பார்த்தான்.

"ஏரு ஓட்டுனா அடியில கெடக்கற கல்லு கலஞ்சுபோயிருமுங்க" என்றாள் சின்னாயி. "அப்படியே வெச்சிருக்கச் சொன்னாருங்க தொரை."

ஏர் பிடித்துப் பழகிய அப்பாவின் கை நின்றது. என் படிப்புக்கும் கோபத்துக்கும் அசையாத மனுஷர்.

"ஒரு மழைக்குக்கூடக் கம்பு வெதைக்கலீங்களா?" என்று கேட்டார்.

"தொரை திடீர்னு வந்துட்டாருன்னா?"

அப்பா எழுந்துவிட்டார். "எந்திரி அம்மிணி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ்ஸுக்கு வெகுநேரம் இருந்தது. வேலமரத்தடிக்குச் சண்முகவேல் மூச்சிரைக்க வந்தான். கெஞ்ச வருகிறான் என்று நினைத்தேன். கையில் வெள்ளைக் காகிதம்.

"இனி நான் வரமாட்டேன், காட்டை உழுதுக்கங்கன்னு தொரை எழுதுன மாதிரி இங்கிலீசுல எழுதிக் குடுங்க. நான் சொன்னா அம்மா நம்பாதுங்க."

மீசை வைத்த ஆண்பிள்ளை. சொந்தக் காட்டில் ஏர் பூட்ட ஓடிப்போன வெள்ளைக்காரனின் உத்தரவு வேண்டும். அதற்கும் நான் வேண்டும். பேனாவைத் திறந்து இரண்டு வரி எழுதி நீட்டினேன். அடியில் துரையின் கையெழுத்தையும் போட்டுத் தரச் சொன்னான்.

"அதையாவது நீங்க போடுங்க" என்று பேனாவைக் கொடுத்தேன்.

பஸ் வரும்வரை பேனாவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். ஏறுவதற்கு முன் பிடுங்கிக்கொண்டேன்.