மாக்னி என்ற எலிக்குஞ்சு

வடக்கே பனிக்கடலோரத்திலுள்ள எங்கள் ஊரில் போதகர் குழந்தையின் தலையில் தண்ணீர் விடும்வரை பெற்றவர்கள் அதன் பெயரை வெளியே விடமாட்டார்கள். என் அப்பா ஆஸ்கெல் எந்த வழக்கத்துக்குத்தான் அடங்கினார்? என் தம்பி ஸ்டெய்னாருக்குப் பையன் பிறந்ததுமே, "இங்வார் பொறந்துட்டான்" என்று துறைமுகம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார்.

"கடல்ல போன எங்கப்பா இங்வார் கனவுல வந்தாரு. சொட்டச் சொட்ட நனைஞ்சு நின்னு பேரு கேட்டாரு. செத்தவங்க கேட்டுக் குடுக்கலைன்னா பிள்ளை விளங்காது" என்றார். எங்களுக்கு இது விளையாட்டுப் பேச்சல்ல. கனவில் வந்து பெயர் கேட்டவரை மறுக்க இங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது.

தம்பி மனைவி சோல்ரூன் மனத்தில் வேறு பெயர் இருந்தது. என்னிடமும் சொல்லவில்லை. "மாமா கத்துனா எனக்கு நாக்கு ஒட்டிக்கும், அண்ணி" என்று மட்டும் புலம்பினாள்.

பெயர் சூட்டும் நாளன்று உறவெல்லாம் வீட்டில் கூடியது. போதகர் கிண்ணத்துத் தண்ணீரில் கையை நனைத்து, "பிள்ளை பேரு என்ன?" என்றார். அப்பா வாயைத் திறப்பதற்குள் சோல்ரூன் முந்திக்கொண்டாள்.

"மாக்னி."

அப்பா சிரித்தே விட்டார். "மாக்னின்னா வலிமைம்மா! இடிக்கடவுள் தோரோட மகன் பேரு. மாசம் முடியாம வந்து விழுந்த எலிக்குஞ்சுக்கா அந்தப் பேரு?"

"கதை தெரிஞ்சுதான் வைக்கிறேன், மாமா. செத்து விழுந்த அரக்கனோட காலு தோர் கழுத்து மேல கெடந்துச்சு. தேவருங்க அத்தனை பேரும் தூக்கியும் அசையல. பொறந்து மூணே ராத்திரியான மாக்னி வந்து தூக்கிப் போட்டான்." அவள் குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "படகு கவுந்து கூட்டாளிங்க போனதுலேர்ந்து உங்க பிள்ளை சுவரைப் பாத்தே படுத்துக் கெடந்தாரு. நீங்க எழுப்புனீங்க, அண்ணி எழுப்புனாங்க, டாக்டர் எழுப்புனாரு. எந்திரிச்சாரா?"

பனிப்புயலில் பாதை அடைத்து மருத்துவச்சி வரமுடியாமல் போன அன்று அந்தக் குழந்தை பிறந்தது. ஸ்டெய்னார்தான் எழுந்தான். சட்டையைக் கழற்றி, வெறும் நெஞ்சோடு அவனை அணைத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தான். பாதை திறந்ததும் பனி அள்ளினான், வலையைத் தொட்டான், மறுபடி கடலுக்கும் போனான்.

"செத்தவரு கேக்குறாருடா! நீ என்ன சொல்ற?" என்று அப்பா தம்பியிடம் திரும்பினார்.

அப்பா முன்னால் ஒருநாளும் குரல் உயர்த்தாதவன் என் தம்பி. அன்று வீடே அதிரச் சொன்னான். "தாத்தா அடுத்த பிள்ளைக்கு வரிசையில நிக்கட்டும்ப்பா. என்னைத் தூக்கி விட்டவன் இவன்தான். தண்ணி விடுங்க ஐயா, இவன் மாக்னி!"

போதகர் தண்ணீர் விட்டார். எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

அப்பா சோல்ரூனிடம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"எங்கப்பா வந்தா நான் பேசிக்கிறேன். எம்பிள்ளைய எழுப்பி விட்ட பயல இப்படிக் குடும்மா."