பின்பக்கம் இல்லாத சட்டை

சட்டைக்கை முழங்கைக்கு மேல் ஏற மறுத்தது. பாலசுந்தரி தன் அம்மாவின் வலது கையை மெதுவாக மடித்து, கலியாணச் சட்டையின் கையை இன்னொரு முறை மேலே இழுத்தாள். உள்ளே எங்கோ ஒரு தையல் தெறித்தது.

"விடு புள்ள, அது வராது," என்றாள் அம்மாவின் கூட்டாளி அன்னப்பூரணி. "உன்னப் பெறுறதுக்கு முந்தித் தைச்ச சட்டை. உன்னப் பெத்த பிறகு உங்கம்மா அதுக்குள்ள ஒரு நாளும் போகல்ல."

அம்மா புஸ்பம் கண்களை மூடிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கூறைச்சேலையை இடுப்புவரை சுற்றியாயிற்று. நேற்று மத்தியானம் சோறு தின்றுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தவள். தேத்தண்ணியோடு எழுப்பப் போனபோது எழும்பவில்லை. நாடகத்துக்காகத் தைத்துக்கொண்டிருந்த துணி மான் கொம்பு தலையணைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

சீலை மறைப்புக்கு வெளியே மாமாவின் குரல் கேட்டது. கனகசிங்கம் புஸ்பத்தின் அண்ணன். காலையிலிருந்து எல்லாவற்றையும் அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

"என்ன இன்னும் முடியல்லையா? அஞ்சு மணிக்குள்ள மையத்தப் புதைச்சிற்றுத் திரும்பி வரவேணும். அதுக்குப் பிறகு சென்றியால விடமாட்டன் எண்டு ஆமிக்காரன் சொல்லிப்போட்டான்."

"சட்டை கொள்ளுதில்ல மாமா."

"பின்னால கீறிப் போட்டு விடுங்க. எல்லாரும் அப்பிடித்தானே செய்யிற. படுத்துக் கிடக்கிறவட முதுக ஆரு பாக்கப் போறா?"

அன்னப்பூரணி கத்தரிக்கோலை எடுத்து பாலசுந்தரியிடம் நீட்டினாள். அம்மாவின் கத்தரிக்கோல். அதைக் கடதாசி வெட்ட எடுத்தாலே அம்மா கத்துவாள். பாலசுந்தரி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சித்தாண்டியில் இருந்து வாழைச்சேனை வரைக்கும் பள்ளிக்கூடக் கலைவிழா எங்கே நடந்தாலும் மேடையில் நின்ற பிள்ளைகளுக்கு உடுப்புப் போட்டவள் இவள்தான். ராசா, மந்திரி, தேவதை, கிளி, முதலை. தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் கிரீடம் செய்வாள். உடைந்த குடைக் கம்பியில் செட்டை கட்டுவாள். சாமான் தட்டுப்பாடான காலத்திலும் அவளுக்கு ஒன்றுக்கும் தட்டுப்பாடு வந்ததில்லை. ஒருமுறை இராவணனின் தலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனபோது வீதிச் சோதனைச் சென்றியில் மறித்து, "பத்துப் பேருக்கும் ஐடென்டி கார்ட் எங்க?" என்று ஒரு ஆமிக்காரன் அரைகுறைத் தமிழில் கேட்டானாம். "ஒம்பது பேர் இன்னும் பதியல்ல ஐயா" என்றாளாம் இவள்.

அவளுக்கென்று அலுமாரியில் இருந்ததெல்லாம் மிஞ்சிய துண்டுகளில் ஒட்டுப்போட்ட சட்டைகள். ஒன்றில் இடக்கை நீலம், வலக்கை பச்சை.

"கீறின உடுப்புப் போட்டு அனுப்பேலாது," என்றாள் பாலசுந்தரி.

"அப்ப என்ன செய்யிற?" என்றாள் அன்னப்பூரணி.

பாலசுந்தரி சட்டையின் கையை இன்னும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

முற்றத்தில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. பறைமேளம் ஒரு கணம் தாழ்ந்து மறுபடி எழுந்தது. சீலையை விலக்கிக்கொண்டு அம்மாவின் மற்றக் கூட்டாளி நபீஸா உள்ளே வந்தாள். ஏறாவூரில் அவளுடைய புருசன் மஜீட்டுக்குப் புடவைக்கடை. தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு முஸ்லிம் ஊரான ஏறாவூருக்கும் சித்தாண்டிக்கும் இடையில் கொஞ்சக் காலம் ஒருவரும் போய்வரவில்லை. முதலில் போனது புஸ்பம்தான். ஒரு கிளிக்குப் பச்சைத் துணி வேண்டியிருந்தது.

நபீஸா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குனிந்து புஸ்பத்தின் காலைத் தொட்டாள். நிமிர்ந்தபோதுதான் முழங்கையில் சிக்கிக் கிடந்த சட்டையைக் கண்டாள்.

"இதென்னகா கோலம்? கல்யாணப் பொண்ணு பாதியில ஓடிப் போன மாதிரி."

அன்னப்பூரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

பாலசுந்தரி விசயத்தைச் சொன்னாள். நபீஸா கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே சிவப்பில் தங்கச் சரிகை போட்ட துணி, புதிது, கடைவாசம் போகாதது.

"கடையால வரக்குள்ள இதையும் எடுத்துக்கிட்டு வந்தன். உங்கும்மா கேட்டு வெச்ச துணி புள்ள. வெறுங்கையோட வர மனம் வரல்ல."

அன்னப்பூரணி துணியை விரித்துச் சாணால் அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"என்னகா, இந்தத் துணி காணாதே. முன்பக்கத்துக்கும் கைக்கும் சரி. முதுகுக்கு எங்க?"

"நாடகத்து ராசாட நெஞ்சுக்கு எண்டுதானே கேட்டவ. நெஞ்சுக்குத்தான் வெட்டினன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பாலசுந்தரியைப் பார்த்தார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். புஸ்பம் தைத்த எந்த மேடை உடுப்புக்கும் பின்பக்கம் கிடையாது. முன்பக்கம் பட்டும் மினுக்கியும். பின்னால் நாலு நாடா. துணி மிச்சம், எந்த உடம்புக்கும் கொள்ளும், அடுத்த காட்சிக்கு ஒரே இழுவையில் கழற்றலாம். "சனம் முன்னுக்குத்தானே இரிக்கிது, பின்னுக்கா இரிக்கிது?" என்பாள்.

பாலசுந்தரிக்கு எட்டு வயதில் மகாராணி வேசம். வசனம் எல்லாம் பிழையில்லாமல் சொல்லி முடித்தாள். போகும்போது, பின்னால் சிம்மாசனத்தில் இருந்த ராசாவைக் கும்பிடத் திரும்பினாள். முதுகில் நாலு நாடா. அதற்குக் கீழே கோதுமை மாச் சாக்கில் தைத்த உள்பாவாடை, சாக்கின் எழுத்துகள் பெரிதாக. மண்டபம் முழுக்கச் சிரித்தது. மேடைக்குப் பக்கத்தில் நின்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அம்மா. அதற்குப் பிறகு அம்மா தைத்த எதையும் அவள் போட்டதில்லை. தன் கலியாணச் சட்டையைக் கூட மட்டக்களப்பு டவுனில் கொடுத்துத் தைத்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டவுன் தையற்காரன் தைத்ததை வாங்கி, உள்ளே புரட்டி, தையலைப் பார்த்து, "நல்லாத்தான் தைச்சிரிக்கான்" என்று திருப்பித் தந்தாள். அவ்வளவுதான்.

வெளியே பறை அடித்துக்கொண்டிருந்தது. பாலசுந்தரி அம்மாவின் முழங்கையில் இருந்து பழைய சட்டையை உருவி எடுத்து மடித்தாள். அதைக் கட்டில் தலைமாட்டில் வைத்தாள்.

"தைங்க," என்றாள்.

"அளவு?" என்றாள் அன்னப்பூரணி.

"எனக்கு எடுகா," என்றாள் நபீஸா. "அவளுக்கும் எனக்கும் ஒரே உடம்பு. அவளுக்கு வயிறு ஒரு விரக்கடை கூட."

"உனக்குத்தான் கூட."

"இந்த நேரத்திலயும் பொய் சொல்லாதகா. அவளே எழும்பிச் சொல்லுவாள்."

வாசலில் இருந்த ஆச்சிப்பிள்ளை என்ற பக்கத்து வீட்டுக் கிழவி எட்டிப் பார்த்துப் பதறினாள். "உசிரோட இரிக்கிறவட உடம்பிலயா செத்தவக்கு அளவெடுக்கிற? தோசம் புள்ளைகள்!"

"இவள் எத்தினை பேருக்கு அளவெடுத்தவள். எல்லாரும் நல்லாத்தானே இரிக்காங்க," என்று நபீஸா கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

மெசின் நடு அறையில் இருந்தது. அன்னப்பூரணி மிதிக்கத் தொடங்கியதும் முற்றத்துப் பேச்சு நின்றது. கனகசிங்கம் விறுவிறென்று உள்ளே வந்தார்.

"என்ன இது, சாவீட்டில மெசின் சத்தம்? சனம் என்ன நினைக்கும்?"

"சட்டை தைக்கிறம் மாமா," என்றாள் பாலசுந்தரி.

"சட்டையா? முதுகு இல்லாமத் தைக்கிறத்துக்கு, இருந்ததையே முதுகில கீறியிருக்கலாமே! ரெண்டும் ஒண்டுதானே?"

அன்னப்பூரணி மிதியை நிறுத்தாமல் சொன்னாள்: "கீறினது வேற அண்ணன். தைச்சது வேற."

மாமா பாலசுந்தரியைப் பார்த்தார். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்கு எழுதினது. அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் அப்போது சுவரோரம் இருந்த அப்பாவிடம் முறையிட்டார்.

"மச்சான், நீயாவது சொல்லு."

அப்பா குஞ்சித்தம்பி நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. எழும்பி மெசினுக்குக் கிட்ட வந்தார். குனிந்து துணியைப் பார்த்தார்.

"நூல் கறுப்பு," என்றார். "சிவப்புப் போடு."

மெசின் மேசையின் லாச்சியைத் திறந்து சிவப்பு நூற்கட்டையை எடுத்தார். கறுப்பை உருவிவிட்டு, நூலை உதட்டில் ஈரமாக்கி ஊசியில் கோத்தார். ஒரே முறையில் போயிற்று. பின்னேரங்களில் அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கிய நாளிலிருந்து அது அவருடைய வேலை. கோத்துவிட்டுத் திரும்பவும் சுவரோரம் போய் இருந்துகொண்டார். கனகசிங்கம் கைமணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, "கெதியாச் செய்யுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

தைப்பவளுக்கு வாய் சும்மா இருக்காது. அன்னப்பூரணி கதிரவெளிக் கதையை எடுத்தாள்.

வருசத்துக்கு இரண்டு மூன்று முறையாவது புஸ்பமும் இவர்களுமாக மூன்று பேரும் எங்காவது போவார்கள். மாமாங்கம், மண்டூர், வாவியில் தோணி எடுத்துக்கொண்டு அக்கரை. "உடுப்புக் குடுக்கப் போறம்" என்றுதான் வீட்டில் சொல்வது. உடுப்பும் இருக்கும்; கூடவே சோற்றுப் பார்சலும் மீன் பொரியலும் இருக்கும்.

"சண்டை ஓய்ஞ்சு பாதை திறந்த நேரம் கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில கலைவிழா முடிஞ்சு உடுப்ப எடுத்து வரப் போன நாங்க. எடுத்தாச்சு. வந்திருக்கலாம். இவள் என்ன சொன்னவள்? 'கடலைக் கண்டிட்டுக் கால் நனைக்காமப் போறதா?' எண்டாள்."

"காலா?" என்றாள் நபீஸா. "கழுத்துவரைக்கும்."

"ஒரு அலை வந்திச்சு புள்ள, மூணு பேரையும் உருட்டிப்போட்டு. மாத்த வேற உடுப்பில்ல. பஸ்ஸுக்கும் நேரமாச்சு. இவள் உடுப்புச் சாக்க அவுத்தாள். தான் ராசா. நான் மந்திரி."

"என்னய மட்டும் கரடி ஆக்கினாள்," என்றாள் நபீஸா. "முழுக்க மூடி இரிக்கிது, உனக்கு அதுதான் சரி எண்டாள். கரடிக்கு மட்டும் பின்பக்கமும் வெச்சுத் தைச்சிருந்தாள். ஏன் எண்டு கேட்டன். 'கரடி எந்தப் பக்கம் திரும்பும் எண்டு ஆருக்குத் தெரியும்?' எண்டாள்."

"நானும் இவளும் முதுகு தெரியாம பஸ் சீற்றோட ஒட்டிக்கிட்டே வந்தம். சென்றியில எல்லாரையும் இறங்கி நடக்கச் சொன்னான். இறங்கினா முதுகு தெரியுமே! இவள் இறங்கி, ஆமிக்காரனப் பாத்தபடியே பின்பக்கமா நடந்தாள். நானும் அப்பிடியே. கரடி மட்டும் நேரா நடந்திச்சு."

வாசலில் இருந்த பெண்கள் வாயைப் பொத்தினார்கள். ஆச்சிப்பிள்ளை சத்தமாகவே சிரித்துவிட்டு, யாரும் பார்த்தார்களோ என்று சுற்றிப் பார்த்து ஒரு ஒப்பாரியை எடுத்தாள். பாலசுந்தரி சுவரோரம் பார்த்தாள். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

இந்தக் கதையை அம்மா அவளுக்குச் சொன்னதில்லை. சொல்ல வந்திருக்கலாம். பின்பக்கம் இல்லாத உடுப்பைப் பற்றிய கதையை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக்கூடாது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

மெசின் நின்றது. அன்னப்பூரணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நாலு நாடாக்களையும் இழுத்துப் பார்த்தாள்.

"முடிஞ்சுது."

கைகள் இப்போது இலகுவாக ஏறின. சரிகை நெஞ்சில் சரியாக அமர்ந்தது. தோளில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கூறைச்சேலையின் முந்தானையை மடித்துப் போட்டதும், நபீஸா ஒரு எட்டுப் பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ராசாவுக்குக் குடுத்திருந்தா வீணாப் போயிருக்கும்," என்றாள்.

"நேரம் போகுது!" மாமாவின் குரல் கேட்டது. பறைமேளம் வேகமெடுத்தது.

நாடா கட்ட வேண்டியிருந்தது. நபீஸா ஒரு தோளையும் அன்னப்பூரணி மறு தோளையும் பிடித்துப் புஸ்பத்தை மெதுவாக நிமிர்த்தி இருத்தினார்கள். அம்மாவின் தலை முன்னால் சாய்ந்து நபீஸாவின் கழுத்தில் படிந்தது. பாலசுந்தரி கட்டிலில் ஏறிப் பின்னால் முழங்கால் போட்டு இருந்தாள். அம்மாவின் முதுகை இவ்வளவு கிட்டத்தில் எப்போது பார்த்தாள் என்று நினைவில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. அது தன்னிடமும் அதே இடத்தில் இருப்பதாக அவளுடைய புருசன் ஒருநாள் சொல்லியிருந்தான்.

மேல் நாடாக்கள் இரண்டையும் கட்டினாள். கீழ் நாடாக்கள் இரண்டின் நுனிகளையும் எடுத்தாள்.

"இறுக்கிப் போடு புள்ள," என்றாள் அன்னப்பூரணி. "இனி அவுக்கிற வேலை இல்லையே."

பாலசுந்தரியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு ஒரு வளையம் வைத்து, அதற்குள் இன்னொரு வளையத்தை நுழைத்து இழுத்தாள். இழுத்தால் அவிழுகிற முடிச்சு. இரண்டு காதுகளையும் ஒரே அளவாகச் சரிசெய்தாள். ஒரு நுனியை மட்டும், அம்மாவின் கைக்கு எட்டும்படி, கொஞ்சம் நீளமாக விட்டாள்.

மூன்று பேருமாக அவளை மெதுவாகச் சாய்த்தார்கள்.