சந்தனம் இட்ட சி.டி.

மாலை போட்ட படத்துக்குள் மகளைப் பார்க்க மாட்டேன் என்று இத்தனை வருஷமாய்ப் பிடிவாதமாக இருந்த விசாலாக்ஷி, அந்தத் தை மாதம் தானாகவே கேட்டாள்.

“ஏன்னா, சுபா படம் ஒண்ணு பெரிசா போட்டுண்டு வாங்கோ. கூடத்துல மாட்டலாம். அவ முகம் மறந்துடுமோன்னு பயமா இருக்கு. ஜல்தி போங்கோ, அப்புறம் என் மனசு மாறிடும்.”

மகாதேவன் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உடனே கிளம்பினார்.

கல்லூரியில் சேர்ந்த வருஷமே சுபாஷிணி மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். தொண்ணூற்றொன்பதில் அவர் ஓய்வுபெற்று தில்லி லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, ஆல்பங்களை ஸ்கேன் பண்ணி ஒரே சி.டி.யில் ஏற்றினார். “காகிதத்தைப் பூச்சி அரிக்கும். இது நூறு வருஷம் இருக்கும்” என்று சொல்லி, விசாலாக்ஷி வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல், ஆல்பங்களைப் பழைய பேப்பர் வாங்கும் கபாடிக்காரன் வண்டியில் ஏற்றிவிட்டார். நெகடிவ்களும் அதோடு போயின.

சரோஜினி நகர் ஸ்டூடியோக்காரன் சி.டி.யைப் போட்டுப் பார்த்தான். கம்ப்யூட்டர் முனகியதோடு சரி. இன்னொன்றிலும் போட்டான். பிறகு அதை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். பளபளப்பு உரிந்த இடங்களில் வெளிச்சம் பொத்துக்கொண்டு வந்தது.

“அங்கிள்ஜி, இது மேல என்ன தடவினீங்க?” என்றான் இந்தியில். “மஞ்சளா ஒட்டியிருக்கு. யாரோ சுரண்டியிருக்காங்க. மேல் பக்கத்துலதான் இதோட உயிரே இருக்கு.”

மகாதேவனுக்குப் புரிந்துவிட்டது. சரஸ்வதி பூஜைதோறும் புத்தகங்களோடு இந்த சி.டி.யையும் பலகையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவாள் விசாலாக்ஷி. மறுநாள் காய்ந்த சந்தனத்தை நகத்தால் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து வைப்பாள். புத்தகங்கள் அதையெல்லாம் தாங்கின.

ஒரு நொடி அவர் நெஞ்சு லேசாயிற்று. பாவம் தன்னுடையது மட்டும் இல்லை! அந்த நொடிக்காகப் பிறகு சுவாமியிடம் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ‘உன் சந்தனத்தாலதான்’ என்ற வார்த்தை நாக்கு நுனியிலேயே நின்றது. பெற்ற பெண்ணின் நெற்றியில் இடுவதுபோல் இட்ட சந்தனம். அதைக் குற்றம் என்று எந்த வாயால் சொல்வது?

வாசலிலேயே கேட்டாள். “கிடைச்சுதா?”

“இல்லடி விசாலம். சி.டி. போயிடுத்து.”

“எப்படின்னா?”

“அதுக்கு ஆயுசே அவ்வளவுதானாம். ஆல்பத்தைத் தூக்கிப் போட்டது நான். தப்பு என்னோடது.”

திட்டட்டும் என்று காத்து நின்றார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். பிறகு உள்ளே போய், காப்பி கலந்து வந்து அவர் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நல்லதுக்குன்னுதானே பண்ணினேள்?”

அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

“சிரிச்சா அவளுக்குக் கன்னத்துல குழி விழுமே, இடது பக்கம்…” என்றாள் விசாலாக்ஷி.

அவர் நினைவில் அது வலது கன்னத்தில் விழுந்தது. எடுத்துப் பார்க்க வீட்டில் எதுவும் இல்லை.

“ஆமா” என்றார் மகாதேவன். “இடது பக்கம்தான்.”