சாப்பாட்டுக்குப் பின்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்கால். வேலூரிலிருந்து ரத்தநோய் டாக்டர் வேங்கிக்கால் கிளினிக்குக்கு வருவது வாரத்தில் இந்த ஒரு நாள்தான். முதல் டோக்கன் வேதாவுக்கு.

டாக்டர் ரிப்போர்ட்டைத் திரும்பவும் படித்தார்.

"மாத்திரை கேக்கலம்மா. ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் துண்டு மாத்திக்கிட்டதாலதான் உங்களுக்கு இந்த ரத்தப் புற்று வந்துச்சு. அதுல மாத்திரை போய் ஒட்டற இடம் ஒண்ணு இருக்கு. அந்த இடமே இப்ப மாறிப்போச்சு. எட்டாவது குரோமோசோமும் ஒண்ணு ஜாஸ்தியா வந்திருக்கு."

வேதாவின் கணவன் கலையரசன் கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறவன். "அது எப்படிங்க மாறும்? நல்லாத்தானே இருந்தா."

"சில பேருக்குத் தானா மாறும். விட்டு விட்டுப் போட்டா நோய் அடங்காது, மாறறதுக்கு வழி கெடைக்கும். நடுவுல விட்டீங்களா?"

"ஒரு நாள்கூட விடலங்க," என்றான் கலையரசன்.

வேதா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"விரதத்தன்னிக்குப் போடலங்க," என்றாள். "சாப்பிட்டப்புறம்தான் போடணும்னு சொன்னீங்க."

"எப்பெல்லாம் விரதம்?"

"பௌர்ணமி, கிருத்திகை, பிரதோஷம். அப்புறம் திங்கக்கிழமைங்க."

"யாருக்காகம்மா?"

"எனக்காகத்தாங்க. நோவு போவணும்னு இவருதான் வேண்டிக்கிட்டாரு. மலை சுத்தறது அவரு, பட்டினி கெடக்கறது நானு."

கலையரசன் எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"ஒரு இட்லி தின்னுட்டுப் போட்டிருக்கலாம் இல்லடி."

"தின்னா அப்புறம் அது என்னங்க விரதம்?"



"அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதினார். "இது வேற மாத்திரை. மாறின இடத்துலயும் ஒட்டும். இதுவும் கேக்கலன்னா எலும்பு மஜ்ஜை மாத்தணும். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"யாரும் இல்லங்க."

டாக்டரின் பேனா நின்றது. கலையரசன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எதுனா பண்ணுங்க சார். என் மஜ்ஜைய எடுத்துக்குங்க."

"உங்களுது பொருந்தறது கஷ்டங்க. மொதல்ல இதைப் போடட்டும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம்."

வேதா நிமிர்ந்தாள். கணவனைப் பார்த்தாள். பிறகு டாக்டரை.

"நாளைக்குப் பௌர்ணமிங்க. அப்ப விரதம் இருக்கலாமா?"